ஊட்டிக்குப் போன மாமா

கடைசி மணி அடித்ததும் இங்கிலீஷ் பரீட்சை முடிந்துவிட்டதென்று சொல்பவன் பரீட்சை எழுதாதவன். எழுதினவனைக் கேளுங்கள், பரீட்சையே அதற்கப்புறம்தான் என்பான். யுத்தம் முடிந்த மறு வருஷம், திருத்தணி மலையடிவாரத்து ஹைஸ்கூலில், எஸ்.எஸ்.எல்.சி. பையன்கள் அத்தனை பேரும் பேனாவை மூடின கையோடு தண்ணீர்த் தொட்டி ஓரம் கூடிவிட்டார்கள். நீ என்ன எழுதினாய், நான் என்ன எழுதினேன் என்று ஒரே களேபரம். அந்தக் கூட்டத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றவன் பரசுராமன்.

காலையில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஹெட்மாஸ்டர் பஞ்சாட்சரம், அரக்கு முத்திரை வைத்த கேள்வித்தாள் உறையைத் தலைக்குமேல் தூக்கி, இடமும் வலமுமாக எல்லா வரிசைக்கும் காட்டினார். பின் பெஞ்சில் ஒருவன் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டான். முத்திரை உடைக்கப்படவில்லை என்று இரண்டு வாத்தியார்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். உறைக்குள் இருந்த தாளில் பாதிக் கேள்விகள் யாருக்கும் புரியவில்லை. அதைக் கவனிக்க இலாகாவில் ஏற்பாடு ஏதும் கிடையாது. முத்திரை சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

கட்டுரைக்குத் தலைப்பு, 'ஹில் ஸ்டேஷனில் ஒரு விடுமுறை.' கட்டுரைக்குத்தான் மார்க்கு அதிகம்.

"சும்மா அல்வா மாதிரி வந்துச்சுடா! ஊட்டி, குதிரை, ஏரி, போட்டு சவாரி. கடைசில 'கனத்த இதயத்தோடு திரும்பினோம்'னு முடிச்சேன்" என்றான் கண்ணையன். வகுப்பில் முதலாக வருகிறவன் அவன்தான். பஜாரில் விற்கும் நோட்ஸ் புத்தகத்தை அட்டை விலாசம் உட்பட ஒப்பிப்பான்.

"நானும் அதான்" என்றான் எல்லப்பன். "டெபுடி கலெக்டர் மாமாவோட போனேன். பழுப்புக் குதிரை."

"வெள்ளைக்காரி வந்து 'வாட் எ சார்மிங் பாய்'னு கன்னத்தைத் தட்னாளா?"

"தட்னாளே!"

விசாரித்ததில் வகுப்பு முழுவதுமே டெபுடி கலெக்டர் மாமாவோடு ஊட்டிக்குப் போய், அதே பழுப்புக் குதிரையில் ஏறி, அதே வெள்ளைக்காரியிடம் கன்னத்தைக் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தது. இவர்களில் ஒருவனும் அரக்கோணம் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் பார்த்தவனில்லை.

"நீ இன்னா எழுதினே, பாவா?" என்று கண்ணையன் மச்சான் உரிமையோடு பரசுராமன் தோளில் கை போட்டான்.

"திருத்தணி."

தொட்டியடியில் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பிற்று.

"இன்னாது?"

"ஹில் ஸ்டேஷன்தானே கேட்டான்? இங்க ஹில்லும் இருக்குது, ஸ்டேஷனும் இருக்குது" என்றான் பரசுராமன். சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

அடேயப்பா, அந்தச் சிரிப்பு! ஒருவன் தொட்டிக்குள் விழப் பார்த்தான். சிரித்து முடித்ததும் கண்ணையனுக்கே முகம் மாறிற்று. "டேய், ஹில் ஸ்டேஷன்னா ரயில் ஸ்டேஷன் இல்லடா. தொரைங்க வெயிலுக்குப் போயி ஒக்காந்துகினு இருக்கிற ஊரு. போச்சு, நீ கோட்டை வுட்டுட்டே" என்றான்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சரி, இங்கிலீஷில் தவறினால் எல்லாவற்றிலும் தவறினதாகவே அர்த்தம் என்பது சட்டம். பரசுராமனுக்குத் தகப்பன் இல்லை. தாய் பூவம்மாள், தேசப்பன் என்ற மிராசுதாரின் கழனியில் நடவு நடுகிறவள். தாய்மாமன் வேடியப்பன் ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்தில் சுத்தி அடிக்கிற வேலை. பையன் தேறினால் தந்திக் குமாஸ்தா பயிற்சிக்கு அவன் பெயரை எழுதுகிறேன் என்று ஸ்டேஷன் மாஸ்டர் வேடியப்பனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். தேசப்பனும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் பையன் அவரிடம் ஏர் பிடிக்க வந்துவிட வேண்டும். ஆள் பற்றாக்குறையாம்.

இதெல்லாம் ஒருசேர ஞாபகம் வந்து பரசுராமனுக்கு நாக்கு உலர்ந்தது. பக்கத்திலேயே தொட்டி இருந்தும் தண்ணீர் குடிக்கத் தோன்றவில்லை.

சங்கதி ஹெட்மாஸ்டர் காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டனுப்பினார்.

"என்ன எழுதினாய், சொல்."

பரசுராமன் சொன்னான். ஆடிக் கிருத்திகை லீவில் மாமாவுக்குச் சோறு எடுத்துப்போனது, காவடிக் கூட்டத்தோடு ரயில் வந்து நின்றது, இறங்கினவர்கள் மலையைப் பார்த்து 'அரோகரா' என்றது, அந்தச் சந்தடியில் குரங்கு சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கம்பத்தில் ஏறினது, மாமா சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, குரங்கும் முருகன் படைதான், அதற்கும் பசிக்குமே என்று சிரித்தது.

பஞ்சாட்சரம் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட பாவி! இதெல்லாம் நீ பார்த்ததாச்சே?"

"ஆமாங்க சார்."

"பார்த்ததைச் சொல்லத்தான் தமிழ் இருக்கிறதே! இங்கிலீஷ் எதற்கப்பா? இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்த ஒரு பையனாவது சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினான் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அப்படி ஒரு கெட்ட பெயர் எனக்கு வந்ததே கிடையாது. உன்னால் வந்துவிட்டது." அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து பரசுராமனுக்குச் சோறு இறங்கவில்லை. தேசப்பன் வரப்பில் நின்றபடி அவன் தோளையும் புஜத்தையும் மாடு பிடிக்கிறவர் மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பூவம்மாள் மட்டும் மலையைப் பார்க்கும்போதெல்லாம், "பையனுக்கு மொட்டை போடறேன்டா சாமி, பாஸாக்கிவுடு" என்று வேண்டிக்கொண்டாள்.

ரிசல்ட் வரும் நாளில் ரிசல்ட் வரவில்லை. பரீட்சை இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. திருத்தணிப் பேப்பர்களைத் திருத்தினவர் வேலைக்குப் புதியவராம், பழக்கம் போதாது. எல்லாப் பையன்களும் ஒரே மாமாவோடு ஒரே குதிரையில் போனது எப்படி என்று எழுதிக் கேட்டுவிட்டார். ஹில் ஸ்டேஷன் விஷயமாக ஸ்பெஷல் ஆபீசர் கஜபதி நேரில் வந்து விசாரிப்பார். அதுவரை வகுப்பு முழுவதன் ரிசல்ட்டும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

பஞ்சாட்சரம் அதைப் படித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு, நிர்வாகத் திறமை உள்ளவர் ஆகையால், உடனே முடிவுக்கு வந்தார். "மாமா ஒருவரே என்பது குற்றமில்லை. நம் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மாமாதான். ஆனால் ஆபீசர் வந்தால் மாமாவைக் காட்டு என்பார். காட்டத்தான் வேண்டும்."

மாமாவைத் தேடினார்கள். தேசப்பனிடம் போய்க் கேட்டார்கள். "மாமான்னு இன்னைக்கு வந்து நின்னா, நாளைக்கு வகுப்பு மொத்தமும் வந்து எம்பொண்ணைக் கேக்கும். போய்யா!" என்று அவர் விரட்டிவிட்டார். மளிகைக்கடைச் சேட்டு, வியாபார நேரம் என்றார். மணியக்காரருக்கு மாமா என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. கடைசியில் ஹெட்மாஸ்டருக்கு மூளையில் பளிச்சிட்டது. இந்த ஊர்க்காரர் ஒருவர் ஏற்கனவே பரீட்சைப் பேப்பரில் மாமாவாகப் பதிவாகி, இலாகாவின் வசம் இருக்கிறாரே!

வேடியப்பனையும் பரசுராமனையும் வரவழைத்தார்.

"வேடியப்பா, நீதான் மாமா. பரசுராமா, நீ ஒருவன்தான் ஊட்டிக்குப் போகாதவன். ஆகவே நீ நடுநிலைச் சாட்சி. உன் மாமா இத்தனை பையன்களையும் ரயிலேற்றி அழைத்துப் போனதை உன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் உன் பேப்பரைப் பற்றி ஆபீசரிடம் நானே பேசுகிறேன்."

"சொல்லலேன்னா சார்?"

"எல்லார் பரீட்சையும் ரத்து. எல்லாரும் என்றால் நீயும்தான்."

பரசுராமன் மாமாவைப் பார்த்தான். வேடியப்பன் பெருந்தன்மையாகக் கையை வீசினார். "இன்னா நைனா இப்படி மொறைக்கிறே? எங்கக்கா புள்ள பாஸாவணும்னா நான் கலெக்டராவே ஆவறேன். அது இன்னா பெரிய வேலையா?"

விசாரணையன்று அக்கினி நட்சத்திரம். ஹில் ஸ்டேஷன் விஷயம் என்று உத்தரவில் இருந்ததால் கஜபதி கம்பளிக் கோட்டோடு ரயிலிலிருந்து இறங்கினார். விதி அப்படி. ஹாலுக்குள் வந்து உட்காருவதற்குள் அவர் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. மூலையில் வேடியப்பன், ஹெட்மாஸ்டரின் பழைய கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். கோட்டு தோளில் ஏறவே மாட்டேன் என்றது. இரண்டு பேருமே வேர்த்துக் கொட்டினார்கள்.

"முதலில் ஒரு பையன் கட்டுரையைச் சொல்லட்டும்" என்றார் கஜபதி.

கண்ணையன் எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தான். ஏரி வந்தது, குதிரை வந்தது. கஜபதி கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதடு அசைய ஆரம்பித்தது. வெள்ளைக்காரி வருவதற்கு ஒரு வாக்கியம் முன்னாலேயே அவர் முகத்தில் புன்சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையன் ஓரிடத்தில் தடுக்கி நின்றபோது, "பனித்துளிகள் முத்துக்களைப் போல்..." என்று ஆபீசரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்ஸ் புத்தகத்து அட்டையில் 'அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர்' என்று மட்டும் போட்டிருக்குமே, அவர் யாரென்று அந்த க்ஷணத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கஜபதி இருமினார்.

"நடை பிரமாதம். யார் எழுதியதாக... அதாவது, பையன்கள் எழுதியது பிரமாதம். மாமா எங்கே?"

வேடியப்பன் முன்னால் வந்து ஒரு கும்பிடு போட்டார்.

"நீர் டெபுடி கலெக்டரா?"

"ஆங், சாமி."

"ஊட்டி எப்படி இருந்தது?"

"நல்லா கீது சாமி. ஸ்லீப்பர் கட்டையெல்லாம் புதுசா போட்டுக்கிறாங்க."

"குதிரை?"

"அது... அது ஓரமா நின்னுகினு இருந்துச்சு சாமி."

யாரும் சிரிக்கவில்லை. பஞ்சாட்சரம் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கஜபதி பரசுராமனைக் கூப்பிட்டார். "நீதானே சாட்சி? இவர் இந்தப் பையன்களை ரயிலேற்றி அழைத்துப் போனதைப் பார்த்தாயா?"

கண்ணையன் கையைக் கூப்பிக்கொண்டு அவனையே பார்த்தான். எல்லப்பன் அழுகிற நிலையில் இருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை. தந்தி ஆபீஸ், அம்மாவுக்குக் கழனி வேலையிலிருந்து விடுதலை, எல்லாம் அதில் இருந்தது. பரசுராமன் வாயைத் திறந்தான். அப்போது வேடியப்பன் கோட்டின் தையல் முதுகில் பட்டென்று விட்டது. மாமா வெட்கப்பட்டு, கிழிசலை மறைக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தண்டவாளத்தில் சுத்தியோடு நிமிர்ந்து நிற்கிற ஆள்! பரசுராமன் ஆபீசரை நேராகப் பார்த்தான்.

"இல்லீங்க சார்" என்றான். "மாமா ஊட்டிக்குப் போவல. யாருமே போவல. மாமா கேங்மேனுங்க."

பஞ்சாட்சரம் நாற்காலியில் சரிந்தார். எல்லப்பன் உரக்கவே அழுதான். கஜபதி மட்டும் பதறவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"யார் போகச் சொன்னது?" என்றார். "ஒருவன் ஊருக்குப் போனானா இல்லையா என்பது ரயில்வே இலாகாவின் கவலை. எழுதினானா என்பதுதான் எங்கள் இலாகாவின் கவலை. எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். எனக்குச் சந்தோஷத்தில் புல்லரிக்கிறது! இந்த மாகாணம் முழுவதும் ஒரே மாமா, ஒரே குதிரை என்று ஆக வேண்டும் என்பதற்காகத்தானே நாங்கள் ராப்பகலாக உழைக்கிறோம்? ஆளுக்கு ஒரு மாமா என்று கிளம்பினால் யாரால் திருத்தி முடிக்க முடியும்? இவர்கள் எல்லாரும் தேறினார்கள்."

ஹாலே எழுந்து கைதட்டியது. பஞ்சாட்சரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இந்தப் பையன் பேப்பர் சார்..." என்றார் அவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது.

"படித்தேன். இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் இதில் உள்ள மாமா யார்? கேங்மேன்! கையில் சுத்தி! இங்கிலீஷ் கட்டுரையில் வரும் மாமா குறைந்தபட்சம் தாசில்தாராகவாவது இருக்க வேண்டாமா? அப்புறம் அந்தக் குரங்கு. படிக்கும்போது நிஜமாகவே நடந்ததுபோல் இருக்கிறது. அதுதான் இதிலுள்ள பெரிய குறை. தவறினான்." பேப்பரை மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். "இலாகாவின் பரிசீலனைக்கு இது என்னிடம் இருக்கட்டும்."

அவர் புறப்படும்போது வேடியப்பன் வெள்ளந்தியாகக் கேட்டார். "சாமி ஊட்டிக்குப் போயிருக்கீங்களா? மெய்யாலுமே அங்க குளுருமா?"

"எனக்கு ஏதப்பா நேரம்? அதைப் பற்றி எழுதுவதற்கே பொழுது சரியாக இருக்கிறது" என்றார் கஜபதி.

அதற்கப்புறம் பரசுராமன் தேசப்பன் கழனியில் ஏர் பிடித்தான். கண்ணையன் ரேஷன் ஆபீசில் குமாஸ்தாவானான். மறுபரீட்சை முடிவு வரும்வரைதான் பொறுக்க முடியும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிவிட்டார். அதிலும் தவறினால் அந்த வேலை வேறு ஆளுக்கு. அம்மாவோ ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஆனால் வேடியப்பனுக்கு மட்டும் ஒரு பெருமை போகவே இல்லை. "எஞ்சுத்தி இங்கிலீஷ் பேப்பர்ல ஏறிக்கீது. மெட்ராஸ்ல ஆபீசருங்க படிச்சாங்க" என்று கேங்கு ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுபரீட்சைக்கு முன்னால் ஒருநாள் கண்ணையன் சைக்கிளை வரப்போரம் போட்டுவிட்டு ஓடிவந்தான். கையில் நோட்ஸ் புத்தகம், புதுப் பதிப்பு.

"பாவா, உன் கட்டுரை அச்சாயிருச்சுடா! இதப் பாரு!"

பரசுராமன் சேற்றுக் கையைக் கோவணத்தில் துடைத்துக்கொண்டு படித்தான். 'ரயில் நிலையத்தில் ஒரு காட்சி.' முதல் வரி அவனுடையது. இரண்டாவது வரியும் அவனுடையது. காவடிக் கூட்டம் இருந்தது. மாமாவும் இருந்தார், ஆனால் டெபுடி கலெக்டராகிவிட்டார். சுத்தி இருந்த இடத்தில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. குரங்கு, ஒரு வெள்ளைக்காரியின் நாய்க்குட்டியாகி, சோற்று மூட்டைக்குப் பதில் பிஸ்கோத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சிரித்தது மட்டும் மாமாதான்.

"திருட்டுப் பசங்க!" என்றான் கண்ணையன். பிறகு தாழ்ந்த குரலில், "ஆனா உனக்கு மனப்பாடம் பண்ற வேலை மிச்சம்" என்றான்.

மறுபரீட்சையில் மறுபடி முத்திரை காட்டினார்கள், மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். தாளைப் பிரித்தால், 'ரயில் நிலையத்தில் ஒரு காட்சி.' சுற்றிலும் வேறு ஊர்களில் தவறிவிட்டு வந்திருந்த பையன்கள் எல்லார் பேனாவும் உடனே ஓட ஆரம்பித்தது. பரசுராமனும் எழுதினான். காவடி வந்தது, ரயில் வந்தது, மாமா வரும் இடமும் வந்தது. பேனா நின்றுவிட்டது.

அவர் கையில் என்ன? ஒரே ஒரு வார்த்தை. அதை எழுதிவிட்டால் மேலே போய்விடலாம். மேஸ்திரி விசிலும், தண்டவாளத்தில் சுத்தி விழும் சத்தமும் ஜன்னல் வழியாக ஹாலுக்குள்ளேயே கேட்டது. அது மாமா அடிக்கிறதாகவும் இருக்கலாம். பரசுராமன் ஜன்னலைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். கடியாரத்தைப் பார்த்தான். தேசப்பன் வரப்பில் நின்று தோளைப் பார்த்தது ஞாபகம் வந்தது. அம்மாவின் சேறு ஊறின கால் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கைத்தடி என்று எழுதினான். வெள்ளிப் பூணையும் மறக்காமல் போட்டான்.

தேறிவிட்டான். தேறினது மட்டுமா, கட்டுரையில் அவனுக்குத்தான் முதல் மார்க்கு. பஞ்சாட்சரம் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். "ஆபீசரே பாராட்டி எழுதியிருக்கிறார். 'பையன் இந்தத் தடவை ஒழுங்காக மனப்பாடம் செய்திருக்கிறான்' என்று. பார்த்தாயா? முயற்சி செய்தால் உனக்கும் வருகிறது!"

பரசுராமன் அங்கிருந்து நேரே தண்டவாளத்துக்கு ஓடினான். தூரத்திலேயே அவன் வருகிற வேகத்தைப் பார்த்து வேடியப்பனுக்குப் புரிந்துபோயிற்று. வேலையை நிறுத்திவிட்டு நின்றார்.

"பாஸா நைனா?"

"பாஸு மாமா."

"எங்கப்பனே முருகா!" அவர் கண்ணில் தண்ணீர் தளும்பிற்று. அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு, கூச்சத்தோடு மெல்லக் கேட்டார். "இந்தத் தபாவும் என்னைப் பத்தித்தான் எழுதினியா?"

"ஆங் மாமா."

"சுத்தியைப் போட்டியா?"

பரசுராமன் அந்தச் சுத்தியைப் பார்த்தான். பிடி, மாமா கையின் வேர்வையில் கறுத்துப்போயிருந்தது.

"போட்டேன் மாமா" என்றான்.

வேடியப்பன் சுத்தியைத் தலைக்குமேல் தூக்கி, அந்தப் பக்கம் இருந்த ஆட்களுக்கு இடமும் வலமுமாகக் காட்டினார்.

"கேட்டீங்களாடா டேய்! எஞ்சுத்தி இங்கிலீஷ்ல பாஸாயிடுச்சு!"